‘கேட்டுவிட்டோம்’ என்று ஒரு சொல் வேண்டும்

இந்தியக் கடலோரக் காவல்படையின் கிழக்கு மண்டலத் தளபதி அவர்களுக்கும், சென்னை கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தில் இரவும் பகலும் விழித்திருக்கும் அதிகாரிகளுக்கும், கப்பல்களில் இருக்கும் மாலுமிகளுக்கும்,

வணக்கம்.

நான் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் பிறந்து காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். மாமனார் கட்டுமரத்தில் தொடங்கி, லாஞ்சு டிரைவராகக் கரையேறியவர். கணவரும் கொழுந்தனாரும் இன்றும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார்கள். எனக்குப் பிழைப்பு பள்ளிக்கூடத்தில், வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பஸ்ஸில் நேப்பியர் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் தலைமையகத்தைப் பார்க்கிறேன். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைப் பல ஆண்டுகளாக மனத்துக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, இன்று எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். கொழுந்தனார் போன படகு ஆறாம் நாள் கரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூடப் போன மற்றொரு படகு வந்தது. காசிமேட்டுக்கு நேர் கிழக்கே அவர்களைக் கடைசியாகப் பார்த்ததாகவும், கியர் பெட்டியில் ஏதோ கோளாறு என்று வாக்கிடாக்கியில் பேசியதாகவும், அதன்பின் குரல் வரவில்லை என்றும் சொன்னார்கள். படகில் ஏழு பேர். நாங்கள் கையில் இருந்த எண்களையெல்லாம் அழைத்தோம். ஓர் எண்ணில் எடுத்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் படகின் பதிவு எண்ணைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். இன்னொரு இடத்தில் படகு உரிமையாளர்தான் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. யாரும் எங்களைத் திட்டவில்லை, விரட்டவும் இல்லை. பதில் மட்டும் வரவில்லை. தேடுகிறார்களா, எங்கே தேடுகிறார்கள், விமானம் போயிற்றா, எதுவுமே தெரியாமல் மூன்று நாட்கள் ஏலக்கூடத்து வாசலில் ஏழு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தோம்.

மாமனார் முதல் நாளே சொல்லிவிட்டார். “வன்னி ஓடுகிறது. வாடையும் அடிக்கிறது. எஞ்சின் நின்ற படகு நின்ற இடத்திலா இருக்கும்? மூன்று நாளில் மரக்காணத்துக்கு நேராகப் போய்விடும். அங்கே பார்க்கச் சொல்.” யாரிடம் சொல்வது? சொன்னோம், கேட்டவர் தலையசைத்தார். மூன்றாம் நாள் மாலை புதுச்சேரிப் படகு ஒன்று அவர்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. கண்ட இடம் மரக்காணத்துக்குக் கிழக்கே. ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். கடைசி ஒன்றரை நாள் ஐஸ் கட்டியை உருக்கிக் குடித்திருந்தார்கள்.

கரையில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை எங்கள் பக்கத்தில் வன்னி என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. ஐப்பசி கார்த்திகையில் வன்னி ஓடும். பள்ளிக்கூடத்துக்குப் போகாத என் மாமனாருக்கு இது கைரேகை மாதிரி.

இதை உங்கள் மீது குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. உங்கள் படையின் கதையை என் மாணவர்களுக்கு நான் ஆர்வத்தோடு சொல்பவள். பாடத்தில் கேட்கிறார்களோ இல்லையோ, கடலோரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வேன். 1960களிலும் 70களிலும் தங்கமும் கைக்கடிகாரமும் துணியும் கள்ளத்தோணியில் வந்திறங்கின. சுங்கத்துறைக்குக் கடலில் விரட்டிப் பிடிக்கப் போதிய படகில்லை. கடற்படைக்குப் போர்க்கப்பலைக் கடத்தல்காரர் பின்னால் அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. 1974இல் ருஸ்தம்ஜி தலைமையில் அமைந்த குழு தனிப் படை வேண்டும் என்றது. 1976இல் வந்த சட்டம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நம் பொருளாதார மண்டலம் என்று வரையறுத்தது. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பைக் காக்க 1977 பிப்ரவரி 1 அன்று உங்களிடம் இருந்தவை ஏழே கலங்கள்: கடற்படை கொடுத்த பழைய கப்பல்கள் இரண்டு, ரோந்துப் படகுகள் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் பாம்பன், இன்னொன்றின் பெயர் புலிகாட். புலிகாட் என்றால் எங்கள் பழவேற்காடு. இதைச் சொன்னதும் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்றையும் சொல்வேன். 1978ஆம் ஆண்டுக் கடலோரக் காவல்படைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்கள் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. முதலில் செயற்கைத் தீவுகளும் கடலில் உள்ள எண்ணெய் நிலையங்களும். இரண்டாவதாக, மீனவர்களுக்குப் பாதுகாப்பும் ஆபத்து நேரத்தில் கடலில் உதவியும். கடத்தலைத் தடுப்பதில் சுங்கத்துறைக்கு உதவுவது அதற்கும் பிறகுதான் வருகிறது. கடத்தலைத் தடுக்கவே பிறந்த படைக்கு எழுதிய சட்டத்தில், கடத்தலுக்கு முன்னால் மீனவனின் உயிரை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையை எழுதிய கை யாருடையது என்று எனக்குத் தெரியாது; அந்தக் கைக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அந்த ஏழு கலங்கள் இன்று 150ஐத் தாண்டிவிட்டன. அவற்றுள் ஏழு பெரிய ரோந்துக் கப்பல்கள் எங்கள் வடசென்னைக் கடற்கரையில், காட்டுப்பள்ளிக் கட்டுந்தளத்தில் உருவானவை. வேலையும் அதற்கேற்ப விரிந்துவிட்டது. 1999இல் கடற்கொள்ளையர் பிடித்துச்சென்ற அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியக் கப்பலை நீங்களும் கடற்படையும் சேர்ந்து துரத்தி மீட்டீர்கள். 2013இல் தூத்துக்குடிக் கடலில் ஆயுதங்களோடு நின்ற சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலை மறித்தீர்கள். 2023இல் மன்னார் வளைகுடாவில் கடத்தல்காரர்கள் கடலில் வீசிய 32 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தை, வருவாய்ப் புலனாய்வுத் துறையோடும் சுங்கத்துறையோடும் சேர்ந்து மீட்டீர்கள். 2024 நவம்பரில் அந்தமான் அருகே உங்கள் டோர்னியர் விமானம் கண்ட மியான்மர் மீன்பிடிப் படகில் டன் கணக்கில் போதைப்பொருள் இருந்தது. 2020இல் இலங்கைக் கிழக்குக் கடலில் கச்சா எண்ணெயோடு தீப்பிடித்த நியூ டைமண்ட், மறு ஆண்டு கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எல்சா 3 என்று மூன்று கப்பல்களுக்கு அருகிலும் உங்கள் வெள்ளைக் கப்பல்கள் நின்றன. எல்சாவில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள். அவர்களில் 21 பேரை மீட்டது நீங்கள். படை தொடங்கியதிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு உயிருக்குப் பின்னாலும் எங்களைப் போலக் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு வீடு இருக்கும்.

ஆனால் இவற்றில் எல்லாவற்றையும்விட எங்கள் வாழ்க்கையை மாற்றியது 2008 நவம்பர் 26, மும்பைத் தாக்குதல்.

அதற்கு முன் சென்னைக்காரர்களுக்குக் கடலிலிருந்து வரும் ஆபத்து என்றால் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நூறு ஆண்டு கடந்தும் கெட்டிக்காரனையும் கடுமையானவனையும் ‘எம்டன்’ என்கிறோம். அந்த ஆபத்து அடிவானத்தில் நின்ற போர்க்கப்பல், பார்த்தால் தெரியும். மும்பைக்கு வந்தது அப்படி இல்லை. குஜராத் மீனவர்களின் குபேர் என்ற படகைப் பிடித்து, அதில் இருந்தவர்களைக் கொன்று, அந்தப் படகிலேயே வந்தார்கள். எங்கள் படகு மாதிரி ஒரு படகு. அன்றிலிருந்து ஒவ்வொரு படகின் மேலும் ஒரு கேள்விக்குறி விழுந்துவிட்டது.

2009இல் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான கடலோரப் பாதுகாப்புக்கு உங்களைப் பொறுப்பாக்கினார்கள். கரை நெடுகிலும் ராடார் வைத்தார்கள். எங்களுக்கு அடையாள அட்டை வந்தது, படகுகளுக்கு நிறமும் எண்ணும் வந்தன. ‘சாகர் கவச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நாட்களில் படகுகளை நிறுத்திச் சோதிக்கிறீர்கள். இவற்றையெல்லாம் தேவையில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் படகில் கொல்லப்பட்டவர்களும் மீனவர்கள்தானே.

என் மனத்தில் நிற்பது வேறு ஒன்று. மும்பையில் அவர்கள் கரையேறிய இடம் ஒரு மீனவர் குப்பம். வந்திறங்கியவர்களை முதலில் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டவர்கள் அந்தக் குப்பத்து மக்கள். ராடாரும் கப்பலும் பார்க்காததை அவர்கள் பார்த்தார்கள். அதனால்தான் அதன்பிறகு நீங்கள் எங்களைக் கடலின் ‘கண்களும் காதுகளும்’ என்று அழைக்கத் தொடங்கினீர்கள். காசிமேட்டில் நீங்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் நானும் இருந்தேன். உயிர்காப்புச் சட்டையை எப்படி அணிவது என்று காட்டினீர்கள், அந்நியப் படகைக் கண்டால் உங்கள் அவசர எண் 1554க்குச் சொல்லுங்கள் என்றீர்கள். நல்ல கூட்டம். கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “நாம் பார்த்ததையும் கேட்டதையும் இவர்களிடம் சொல்ல வேண்டும். சரி. நமக்கு இவர்கள் என்ன சொல்வார்கள்?”

அந்தக் கேள்வியைத்தான் நான் உங்கள் முன் வைக்கிறேன். 1977இலிருந்து உங்கள் படை பார்ப்பதில் வளர்ந்திருக்கிறது. பதில் சொல்வதில் அந்த அளவுக்கு வளரவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2010 முதல் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி ஒன்று வழங்கப்பட்டது. படகு மூழ்கினாலோ தீப்பிடித்தாலோ பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்தி போகும்; அங்கிருந்து உங்கள் மீட்பு மையத்துக்கு வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் அழுத்தியவனுக்கு, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. கருவியில் அந்த வழி இல்லை. இருட்டில், அலையில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் படகில் ஒருவன் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கேட்டிருப்பார்களா? மறுபடி அழுத்தலாமா? படகோடு இருப்பதா, கேனைக் கட்டிக்கொண்டு குதிப்பதா? அந்த முடிவுகள் எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகின்றன.

2024 ஜனவரியில் இஸ்ரோ அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியை அறிவித்தது. அதில் பெரிய மாற்றமே இதுதான்: செய்தி வந்து சேர்ந்தது என்ற ஒப்புதல் படகுக்குத் திரும்பிப் போகும். புயல் எச்சரிக்கையும் அதில் வரும். இப்போது படகுகளுக்குப் பொருத்திவரும், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியிலும் உள்ளூர் மொழியில் செய்தி அனுப்பவும் பெறவும் வசதி உண்டு. இந்தச் செய்தியை நாளிதழில் படித்துவிட்டு வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கொழுந்தனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். “அன்றைக்கு எங்களிடம் அது இருந்திருந்தால்,” என்று மட்டும் சொன்னார்.

செயற்கைக்கோளே பதில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. மனிதர்கள் பதில் சொல்வதற்கு இவ்வளவு தொழில்நுட்பம்கூடத் தேவையில்லை.

ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் அப்பால் ஆழ்கடலில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வருவதற்குள் எட்டமுடியாத தூரத்தில் இருந்தார்கள். கரையில் இருந்த உறவினர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, இன்னும் வெளியே போய்த் தேடுங்கள், எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள், எங்கே இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்பதுதான். பின்னர் மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போயின. அதற்குள் சில நாட்கள் கடந்துவிட்டன. அந்தச் சில நாட்களின் கணக்கைச் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் விதவைகள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், காணாமல்போன படகு எந்தப் பக்கம் மிதந்து போயிருக்கும் என்று கணக்கிடும் சாரட் என்ற கருவியை உங்களுக்குத் தந்திருக்கிறது. காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் கணினி சேர்த்துப் பார்க்கிறது. என் மாமனார் சொன்னதைத்தான் அதுவும் சொல்லும் என்று நம்புகிறேன். ஆனால் எங்கிருந்து கணக்கைத் தொடங்குவது? படகு கடைசியாக எங்கே இருந்தது, என்ன வலை போட்டார்கள், எஞ்சின் நின்றால் அந்த டிரைவர் நங்கூரம் போடுகிறவரா, பாயைக் கட்டி இழுக்கிறவரா, கையில் எத்தனை நாள் தண்ணீர் இருந்தது, இவையெல்லாம் ஏலக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் யாராவது வந்து தமிழில் கேட்டால் சொல்வார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மொழியைப் பற்றி நான் எழுதுவதை அரசியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் உங்கள் கப்பல்களில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தமிழ் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். ஆனால் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் ரேடியோ சேனலில் ஒருவன் கத்தும்போது அவன் அம்மாவிடம் பேசும் மொழியில்தான் கத்துவான். 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பக்கம் நம் கடற்படைக் கப்பலே நம் மீனவர்களின் படகைச் சுட்டது; மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் குண்டடிபட்டார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. அந்தச் செய்தியைப் படித்த அன்று குப்பத்தில் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி, எந்த மொழியில் எச்சரித்தார்கள் என்பதுதான். அது உங்கள் படை இல்லை, தெரியும். ஆனால் இருட்டில் வரும் சாம்பல் நிறக் கப்பலையும் வெள்ளை நிறக் கப்பலையும் பிரித்துப் பார்க்கும் அவகாசம் மீனவனுக்கு எப்போதும் கிடைப்பதில்லை.

வெள்ளைக் கப்பல் என்றால் எங்களுக்கு ஒரு பொருள் உண்டு. போருக்கு வந்ததில்லை என்று பொருள். தென்சீனக் கடலில் இப்போது சீனாவின் வெள்ளைக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் படகுகள் மேல் தண்ணீர் பீய்ச்சி விரட்டுவதைப் படங்களில் பார்க்கிறேன். எல்லைத் தகராறு என்றால் முதலில் கடலோரக் காவல்படையை அனுப்புவது பல நாடுகளில் வழக்கமாகி வருகிறது. கச்சத்தீவை வைத்து நமக்கும் இலங்கைக்கும் இடையே தீராத சிக்கல் இருக்கும் கடலில், உங்கள் மீதும் அந்தச் சுமை ஏறிக்கொண்டே போகும். பயங்கரவாதம், போதைப்பொருள், எல்லை என்று ஒவ்வொன்றாக ஏறும்போது, 14ஆம் பிரிவில் இரண்டாவதாக இருப்பது ஏழாவதோ எட்டாவதோ ஆகிவிடக் கூடாது. இதுதான் என் பயம்.

எண்ணெயைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. நான் எண்ணூர்ப் பெண். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் கசிவே இல்லை என்றார்கள். மறுநாள் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரை முழுக்கத் தார்ப்பாகு போலக் கறுப்பாக அடித்தது. உறிஞ்சும் லாரிகள் வந்தன. அந்தக் கெட்டிச் சேற்றை அவற்றால் இழுக்க முடியவில்லை. பிறகு வாளிகள் வந்தன. உங்கள் வீரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் எங்கள் ஆண்களும் வாளியால் கடலை வாரினார்கள். என் தம்பி கையில் உறையில்லாமல் நாள் முழுக்க வாரிவிட்டு வந்தான். ஒரு மாதம் தோல் உரிந்தது. உங்கள் வீரர்களும் அதே சேற்றில் நின்றதை நான் நேரில் பார்த்தேன், மறக்கமாட்டேன். ஆனால் கடலில் எண்ணெய் சிந்தினால் நாடு முழுவதற்கும் ஒருங்கிணைப்பாளர் உங்கள் படைதான். அடுத்த முறை வாளி எடுக்கப்போகிறவர்கள் எந்தக் குப்பத்துக்காரர்கள் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதானே? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோதும் எண்ணூர்க் கழிமுகத்தில் முதலில் இறங்கியவர்கள் அவர்கள்தான். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் ஆட்களுக்கு இப்போதே பயிற்சி கொடுங்கள். கையுறையும் முகமூடியும் முழங்கால் பூட்ஸும் அந்தந்த ஊரிலேயே பூட்டி வையுங்கள். சாவி பஞ்சாயத்தில் இருக்கட்டும். சென்னையில் கடல்மாசு எதிர்கொள்ளும் மையத்தை 2024 ஆகஸ்ட் 18 அன்று திறந்திருக்கிறீர்கள். அதன் வாசல் எண்ணூர் வரை நீள வேண்டும்.

அதே நாளில்தான் புதிய மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தையும் திறந்தீர்கள். அதே நாளில்தான் விழாவுக்காகச் சென்னை வந்திருந்த உங்கள் தலைமை இயக்குநர் ராகேஷ் பால் அவர்கள் மாரடைப்பால் இங்கேயே காலமானார். வேலையின் நடுவில் போனவர். அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் தெருவில் வருத்தப்பட்டவர்கள் உண்டு.

காத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜூன் 8 மாலை சென்னையிலிருந்து கிளம்பிய உங்கள் டோர்னியர், இரவு திரும்பவில்லை. உள்ளே மூன்று அதிகாரிகள். கப்பல்களும் நீர்மூழ்கியும் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேடிய பிறகுதான், கடலூர்ப் பக்கம் ஆழ்கடலின் அடியிலிருந்து அதன் கறுப்புப் பெட்டி கிடைத்தது. அந்த ஒரு மாதமும் காசிமேட்டில் பெண்கள் அதைப் பற்றியே பேசினார்கள். அந்த மூன்று வீடுகளிலும் யார் சமைத்திருப்பார்கள், யார் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள் என்று பேசினார்கள். 2024 செப்டம்பரில் போர்பந்தர் அருகே கப்பலில் காயமடைந்த ஒரு மாலுமியைத் தூக்கப் போன ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதன் விமானி ஒருவரின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலான பிறகே கிடைத்தது. அந்த வீடுகளுக்கு உங்கள் அதிகாரி ஒருவர் தினமும் போய் இன்று இவ்வளவு தேடினோம் என்று சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும்.

அதையே எங்களுக்கும் கேட்கிறேன்.

சென்னையிலும் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் இருபத்து நான்கு மணிநேரமும் தமிழ் பேசும் ஒருவர் 1554 எண்ணுக்கும் 16ஆம் சேனலுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ்க் கடலில் ரோந்து போகும் ஒவ்வொரு கப்பலிலும் ஒலிபெருக்கியைப் பிடிக்கத் தமிழ் தெரிந்த ஒரு மாலுமியாவது இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் நீந்தவும் காற்றைப் படிக்கவும் பிறவியிலேயே கற்றவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நாலு பையன்களாவது ஒவ்வொரு ஆண்டும் உங்கள் தேர்வைப் பற்றி என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேள்வித்தாளை எதிர்கொள்ளத்தான் தடுமாறுகிறார்கள். குப்பத்துப் பள்ளிகளில் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பை நீங்கள் தொடங்கினால், இடமும் என் மாலை நேரங்களும் தருகிறேன்.

ஒரு படகு காணவில்லை என்று தகவல் வந்தால், அந்தக் குடும்பங்களுக்கு ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை ஒரு தகவல் வரட்டும். நல்ல செய்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ‘கேட்டுவிட்டோம். காலை விமானம் போனது. இந்தத் திசையில் பார்த்தோம், காணவில்லை. மாலை மறுபடி போகும்’ என்று நாலு வரி போதும். அது இல்லாமல்தான் வதந்தி பரவுகிறது, சாலை மறியல் வருகிறது, போலீஸ் வருகிறது. மறியலில் உட்கார்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. யாராவது வந்து பேசியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

தேடும் இடத்தை முடிவுசெய்யும் மேசையில், அந்தப் பகுதிக் கடலில் முப்பது நாற்பது ஆண்டு ஓடிய ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். காசிமேட்டுக்கு ஒருவர், பழவேற்காட்டுக்கு ஒருவர், நாகைக்கு ஒருவர், ராமேசுவரத்துக்கு ஒருவர். பெயர்ப் பட்டியலை அந்தந்த ஊர்ச் சங்கங்களும் பஞ்சாயத்துகளும் ஒரே நாளில் கொடுத்துவிடும். கணினி சொல்வதும் அவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் அங்கே போங்கள். வேறுவேறாக இருந்தால் இரண்டு இடத்துக்கும் போங்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, வழி தெரியாத தெருக்களுக்குள் படகை ஓட்டி நகரத்து மக்களைத் தூக்கி வந்தவர்கள் எங்கள் ஆட்கள். அன்று யாரும் அவர்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

இந்த மடலுக்குப் பதில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. நேரில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாட்கள் படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், ஆட்கள் எல்லோரும் கிடைப்பார்கள். மேடையும் மைக்கும் வேண்டாம். என் மாமனாருக்கு எழுபத்தாறு வயதாகிறது. காது சற்று மந்தம், கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் ஏலக்கூடத்துக்குத் தெற்கே, மூன்றாவது வரிசைப் படகுகளின் நிழலில் வலை தைத்துக்கொண்டிருப்பார். கடல் வரைபடம் ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். மரக்காணம் என்று எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு மீனவர் வீட்டுப் பெண்